இன்னும் இருக்காங்களா?

எங்கள் அம்மாச்சியின் ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கிறது. ஊரில் அவர் வயதுக்காரிகள் பலருக்கும் அதே ஜனவரி 1தான். வருடத்தை, படம் எடுத்த பையன் முகத்தைப் பார்த்து உத்தேசமாகப் போட்டான். வெள்ளைக்காரன் போனபோது தன் வயிற்றில் இரண்டாவது பிள்ளை இருந்தது என்பது அம்மாச்சி வைத்திருக்கும் கணக்கு. அதன்படி தொண்ணூற்றைந்தைத் தாண்டிவிட்டார்.

போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உறவினர் ஒருவர் என்னிடம், "அம்மாச்சி இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மாச்சி மூன்று நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். "இருக்காங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. வாங்கிய கடனை இன்னும் அடைக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறவளின் குரல் அது. இருபது வருடமாக வகுப்பறையில் பெண்ணியம் பேசுகிறவளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

அதே மாதம் ஒரு மாணவி எங்கள் துறையின் சுவரிதழுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். உலகிலேயே அதிக நாள் வாழ்ந்த பெண்ணைப் பற்றியது. பிரான்சு தேசத்துப் பாட்டி, 122 வயது. ஆலிவ் எண்ணெய், சாக்லேட், ஒயின், எப்போதும் சிரிப்பு. "இவ்வளவுதானாம்மா அவங்க வாழ்க்கை?" என்றேன். "நெட்ல எல்லாத்துலயும் இதான் மேடம் போட்டிருக்கு" என்றாள். அவள் சொன்னது உண்மை. எல்லாவற்றிலும் அதுதான் போட்டிருக்கிறது. என் கோபம் அந்தப் பெண்மேல் இல்லை.

அந்தப் பிரெஞ்சுப் பாட்டியின் பெயர் ழான் கல்மான். நம் செய்தித்தாள்களில் ஜீன் கால்மென்ட் என்று வருகிறவர். 1875 பிப்ரவரி 21 அன்று தெற்குப் பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் பிறந்தார். 1997 ஆகஸ்ட் 4 அன்று அதே ஊரில் இறந்தார். 122 ஆண்டுகள், 164 நாட்கள். ஆதாரத்தோடு நிறுவப்பட்ட மனித ஆயுளில் இதுவரை அதுதான் நீளமானது. ஆண்களில் அதிக நாள் வாழ்ந்தவர் என்று பதிவானவர் ஜப்பானின் ஜிரோயெமோன் கிமுரா. அவர் 116ஐக் கடந்து 2013இல் இறந்தார்.

ஆர்ல் ஊருக்கு ஒரு வேடிக்கையான புகழ் உண்டு. அல்ஃபோன்ஸ் தொதே எழுதி 1872இல் மேடையேறிய ஒரு நாடகத்தின் பெயர் 'ஆர்ல் ஊர்ப் பெண்'. நாடகம் முழுக்க எல்லோரும் அவளைப் பற்றியே பேசுவார்கள், அவளால் ஓர் இளைஞன் உயிரையே விடுவான், ஆனால் அவள் மட்டும் மேடைக்கு வரவே மாட்டாள். எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தும் கண்ணில் படாத ஆளை அந்த நாடகத்தின் பெயரால் குறிப்பது இன்றும் பிரெஞ்சில் வழக்கம். நாடகம் வந்து மூன்றாம் வருடம் அதே ஊரில் பிறந்தவர் ழான். அவரைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் படிக்கப் படிக்க அந்த நாடகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்பா கப்பல் கட்டுகிறவர், அம்மா மாவு மில் வைத்திருந்த குடும்பத்துப் பெண். 1896இல் 21 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை ஃபெர்னான் கல்மான், சொந்தத்தில்தான். ஊரில் பெரிய துணிக்கடை. கடைக்கு மேலேயே வீடு. டென்னிஸ், சைக்கிள், நீச்சல், பியானோ, வேட்டை என்று பொழுது போயிற்று. வீட்டு வேலைக்கு ஆள் இருந்தார்கள். பிழைப்புக்காக ழான் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பெண்ணின் உள்வலிமை' என்று இவரைத் தூக்கிக் கொண்டாடும் நம் பக்கத்துக் கட்டுரைகளும் இதைச் சொல்வதில்லை. அந்த வீட்டில் அடுப்பு மூட்டிய பெண்கள் எத்தனை வயதில் செத்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

ஆனால் வசதி இருந்தது என்பதால் அவர் சட்டத்தின் முன் முழு ஆளாக இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டப்படி மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள். அந்தக் கடமையைச் சட்டத்திலிருந்து எடுத்தது 1938 பிப்ரவரியில், ழானின் 63ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல் வந்தது. 1945 ஏப்ரலில் அவர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டபோது இவருக்கு வயது 70. கணவனைக் கேட்காமல் வேலைக்குப் போகலாம், வங்கிக் கணக்குத் தொடங்கலாம் என்று மனைவிகளுக்குச் சொன்ன சட்டம் 1965இல். அப்போது 90. கருக்கலைப்பைக் குற்றமில்லை ஆக்கிய சிமோன் வேய் அம்மையாரின் சட்டம் 1975 ஜனவரியில் கையெழுத்தானது. ழான் நூறைத் தொட இன்னும் ஒரு மாதம் இருந்தது. நாம் வகுப்பில் பாடமாக நடத்தும் சிமோன் தெ பொவ்வார் 1908இல் பிறந்து, 'இரண்டாம் பாலினம்' எழுதி, முதுமையைப் பற்றித் தனியாக ஒரு பெரிய நூலும் எழுதி, 1986இல் மறைந்தார். அத்தனையும் ழானின் ஆயுளுக்குள் நடந்து முடிந்தது. பொவ்வார் இறந்தபோது ழானுக்கு 111.

இந்தக் கணக்கை எந்தச் செய்தியாளரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டதெல்லாம் வான் கோவைத்தான். 1888இல் ஓவியர் வான் கோ ஆர்லுக்கு வந்தார். பதின்மூன்று வயதில் கடையில் அவரைப் பார்த்ததாக ழான் சொன்னார். அழுக்கானவர், அழகில்லாதவர், முசுடு என்று சொன்னார். உலகமே ரசித்துச் சிரித்தது. எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. ஆர்ல் பெண்களை உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தவரை, அதே ஊர்ச் சிறுமி ஒருத்தி நின்று பார்த்துத் தன் தீர்ப்பைச் சொல்லியிருக்கிறாள். அவள் பார்த்ததற்கு நூறாண்டுக்குப் பிறகு கிடைத்த மதிப்பும், பார்க்கப்பட்டவர் வான் கோ என்பதால்தான்.

இனி அந்தச் சாக்லேட் கட்டுரைகள் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன். ழானுக்கு ஒரே மகள், இவோன். 1898 ஜனவரி 19 அன்று பிறந்தவள். 1934 ஜனவரி 19 அன்று, தன் 36ஆவது பிறந்த நாளிலேயே, நுரையீரல் உறை அழற்சியில் இறந்துபோனாள். ஏழு வயதுப் பேரன் ஃப்ரெதெரிக்கை ழான் வளர்த்தார். 1942இல் கணவர் போனார். பேரன் படித்து டாக்டரானான். 1963 ஜனவரியில் மருமகன் இறந்தார். அதே ஆண்டு பேரன் சாலை விபத்தில் இறந்தான், 37 வயது நிரம்பவில்லை. 88 வயதில் ழானுக்கு வாரிசு என்று ஒருவரும் மிச்சமில்லை.

நம் ஊராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். புருஷனையும் பெத்ததையும் முழுங்கிட்டு உட்கார்ந்திருக்கா என்பார்கள். நம் ஆசீர்வாதங்களையே பாருங்கள். ஆண் காலில் விழுந்தால் தீர்க்காயுசு, நூறு வயது. பெண் விழுந்தால் தீர்க்க சுமங்கலி. அவளுக்குத் தரும் வாழ்த்திலும் நீளுவது அவன் ஆயுள். அவள் ஆயுளுக்கு அதில் தனி வரி கிடையாது. அவனுக்கு முன்னால் அவள் போய்விடுவதுதான் பாக்கியம் என்று மஞ்சளும் பூவும் வைத்துச் சொல்கிற ஊரில், அவனுக்குப் பின் ஐம்பத்தைந்து வருடம் ஒருத்தி வாழ்ந்தால் அதற்கு என்ன பெயர்?

தமிழில் நாம் மதிக்கும் ஒரே நீண்ட ஆயுள்காரி ஔவை. அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவளுக்குக் கொடுத்தான். கிழவனோ இளைஞனோ, ஓர் ஆண் தன் ஆயுளை ஒரு பெண்ணுக்குக் கொடுத்த கதை நம்மிடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியாது. ஆனால் பின்னால் வந்த கதை சொல்லிகளுக்கு அது பொறுக்கவில்லை. புறநானூற்றுப் பாட்டில் ஒரு வேந்தன் மை தீட்டிய கண்ணும் ஒளி நெற்றியும் உடைய விறலியாகப் பார்த்துப் பேசுகிறவளை, பிள்ளையாரிடம் வேண்டி ஒரே நாளில் கிழவியாக்கினார்கள். இளமையோடு அவளை ஊர் ஊராக நடக்க விட அவர்களுக்கு மனம் வரவில்லை. கோலும் கூனும் கொடுத்த பிறகுதான் அவளுக்குப் பாதை திறந்தது.

ஆர்லுக்குத் திரும்புகிறேன். பேரன் போய் இரண்டு வருடம் கழித்து, 1965இல், தொண்ணூறு வயதில் ழான் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பிரான்சில் அப்படி ஒரு முறை உண்டு. வயதானவர் வீட்டை விற்பார், ஆனால் சாகும்வரை அதிலேயே இருப்பார். வாங்குகிறவர் அவர் சாகும்வரை மாதாமாதம் பணம் கட்டுவார். சீக்கிரம் செத்தால் வாங்கியவருக்கு லாபம். ழானின் வீட்டை வாங்கியவர் ரஃப்ரே என்ற நோட்டரி, அப்போது 47 வயது. மாதம் 2500 ஃபிராங்க். தொண்ணூறு வயதுப் பெண்மணி, எத்தனை மாதம் கட்ட வேண்டியிருக்கும்? முப்பது வருடம் கட்டினார். 1995 டிசம்பரில் தன் 77ஆவது வயதில் அவர் இறந்தார். அதற்குள் வீட்டின் விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் கட்டியாயிற்று. வீட்டுக்குள் குடிபோகவே இல்லை.

இதை உலகம் நகைச்சுவையாகச் சொல்கிறது. நானும் சிரித்தேன். ஆனால் வாரிசெல்லாம் மண்ணுக்குள் போன பிறகு மாதச் செலவுக்கு வழி தேடிய பெண்ணின் பத்திரம் அது என்பதைச் சிரிப்புக்கு நடுவில் யாரும் சொல்வதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு நாம் பிரான்சுவரை போகவும் வேண்டாம். அம்மாச்சி பேரில் ஒரு ஓட்டு வீடும் அதைச் சுற்றி ஒன்பது சென்ட் இடமும் உண்டு. தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. என் மாமன்மார் இருவரும் பல வருடமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: "ஆத்தா கண்ணை மூடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." அதற்குள் என் அம்மாவிடம், பின்னால் உன் பங்கைக் கேட்கக் கூடாது என்று பேசியும் முடித்தாயிற்று. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆத்தாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள், தீபாவளிக்குச் சேலை எடுக்கிறார்கள். ரஃப்ரேயும் கெட்டவர் இல்லை, ஒப்பந்தத்தை மீறாமல் கட்டினார். கிழவி கண்ணை மூடுவதற்குக் காத்திருப்பது கெட்ட காரியம் என்று யாருக்குமே தோன்றாததுதான் எனக்கு உறுத்துகிறது.

நூறு வயதுவரை சைக்கிள் ஓட்டினார், 85 வயதில் வாள்வீச்சுப் பழகத் தொடங்கினார் என்பதெல்லாம் ஊர் அறிந்தது. 1985 ஜனவரியில், 110 ஆக ஒரு மாதம் இருக்கும்போது, தனியாக வாழ்ந்த வீட்டை விட்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். 114 வயதில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கண் போயிற்று, காது மந்தமாயிற்று. அப்போதும் விடவில்லை. பிறந்த நாள் வந்தால் கேமராக்கள் வந்தன. 1996இல் அவர் பேச்சைப் பதிவு செய்து இசை சேர்த்து ஒலித்தட்டாகவே வெளியிட்டார்கள். ழான்-மரி ரோபின், மிஷெல் அலார் ஆகிய ஆய்வாளர்கள் அவரோடு பல முறை உட்கார்ந்து பேசினார்கள். வேலைக்காரிகள் பெயர், ஆசிரியர்கள் பெயர், தெருக்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழைய மக்கள்தொகைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயது உறுதியாயிற்று. அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அடுத்து வந்ததற்குப் பதில் சொல்ல ஆளே இருந்திருக்காது.

2018இன் கடைசியில், அவர் இறந்து இருபத்தொரு வருடம் கழித்து, ரஷ்யாவிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நிக்கொலாய் ஸாக் என்ற கணிதர், வலேரி நோவோசெலோவ் என்ற முதுமையியல் மருத்துவர். அவர்கள் சொன்னது இது: 1934இல் இறந்தது மகள் அல்ல, தாய். வாரிசுரிமை வரியிலிருந்து தப்பிக்க மகள் இவோன் தாயின் பெயரை எடுத்துக்கொண்டாள். 1997இல் இறந்தது 99 வயது இவோன்.

சந்தேகப்படுவது தவறில்லை. 120 ஆண்டு வாழ்ந்ததாக கின்னஸ் ஏற்றுக்கொண்ட ஜப்பானியர் ஷிகெச்சியோ இஸுமியின் பதிவும் பின்னால் சந்தேகத்துக்கு உள்ளாகித் திரும்பப் பெறப்பட்டது. ஆணையும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். என் சண்டை சந்தேகத்தோடு அல்ல, இந்தக் குறிப்பிட்ட கதை உண்மையாக இருக்க வேண்டுமானால் நாம் எதையெல்லாம் நம்ப வேண்டும் என்பதோடு. 1934இல் தாய்க்கு 58, மகளுக்கு 36. ஊரின் பெரிய துணிக்கடைக்காரர் தன் மகளை மனைவி என்று சொல்லிக்கொண்டு அடுத்த எட்டு வருடம் சாகும்வரை அதே ஊரில் வாழ்ந்தார் என்று நம்ப வேண்டும். ராணுவ அதிகாரியான மருமகன் தன் மனைவியை மாமியார் என்று ஒத்துக்கொண்டு வாழ்ந்தார் என்று நம்ப வேண்டும். ஏழு வயதுச் சிறுவன் ஒரு நாள் காலையிலிருந்து அம்மாவைப் பாட்டி என்று கூப்பிடத் தொடங்கி, வாய் தவறாமல் முப்பது வருடம் கூப்பிட்டான் என்று நம்ப வேண்டும். கடைக்கு வந்த ஊர்க்காரர்கள், பாதிரியார், வீட்டு வேலை செய்தவர்கள் யாருக்கும் 58க்கும் 36க்கும் வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்று நம்ப வேண்டும்.

ஃபெர்னான் செத்து அவர் மகன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான், ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று ஒருவர் சொல்லியிருந்தால் இத்தனை பத்திரிகைகள் அதை அச்சிட்டிருக்குமா? திருமதி கல்மான் என்பது ஒரு நாற்காலி, அதில் எந்தப் பெண்ணும் உட்காரலாம் என்ற எண்ணம் அடியில் இருந்ததால்தான் இந்தக் கதை இவ்வளவு சுலபமாக விலை போயிற்று.

ழான் தன் புகைப்படங்களிலும் காகிதங்களிலும் ஒரு பகுதியை எரிக்கச் செய்தார் என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று. எதையோ மறைக்கிறாராம். என் அலமாரியில் பதினெட்டு வயதிலிருந்து எழுதிய குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றில் சிலதை நானே ஒரு நாள் எரிக்கப்போகிறேன். ஒரு பெண் தன் காகிதங்களை எரிக்க நூறு காரணம் இருக்கும், வரி ஏய்ப்பு அதில் கடைசியாக வரும். எரித்தால் மறைக்கிறாள், வைத்திருந்தால் ஆவணம், பேச்சில் ஒரு இடத்தில் தடுமாறினால் ஆதாரம்.

2019இல் ரோபினும் அலாரும் மற்ற சிலரும் சேர்ந்து ஆய்விதழில் பதில் எழுதினார்கள். ஆர்ல் ஊர்க்காரர்களே கூடிப் பழைய தாள்களைத் துழாவினார்கள். இவோன் சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் நுரையீரல் நோய்க்குச் சிகிச்சை பெற்றதற்கான தடயங்கள் கிடைத்தன. பெரும்பாலான ஆய்வாளர்கள் ழான் ழான்தான் என்று ஏற்கிறார்கள். இந்தச் சண்டையில் எனக்கு ழானைவிட அந்த மகளை நினைத்துத்தான் வருத்தம். 36 வயதில் இருமி இருமிச் செத்தவளை எண்பத்தைந்து வருடம் கழித்து எழுப்பி, நீ சாகவில்லை, ஏமாற்றினாய் என்றார்கள். தாய்க்கு ஆயுள் அதிகம் என்றதும், அது வேறு எவளுடைய கணக்கிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உலகம் தேடுகிறது. ஊர்ப்பக்கம் இதையே, "பேத்தி ஆயுசையும் சேத்து வாழுறா" என்பார்கள். கணிதம் படிக்காமலே சொல்வார்கள்.

கல்யாண மண்டபத்தில் வந்த என் குரலுக்கு இப்போது ஓரளவு ஊர் பெயர் தெரிகிறது. 110ஐத் தாண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்கிறார்கள். அத்தனை பேர் வீட்டிலும் என்னைப்போல் ஒருத்தி, "இருக்காங்க" என்று தலை குனிந்து சொல்லிக்கொண்டிருப்பாள்.

பொங்கல் விடுமுறைக்குப் போனபோது அம்மாச்சியிடம் ழான் கதையைச் சொன்னேன். காது பக்கம் குனிந்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை. சாக்லேட்டும் சுருட்டும் அவரை அசைக்கவில்லை. மகள் செத்த இடத்தில் "ஐயோ" என்றார், அதோடு விட்டார். அவர் முதல் பிள்ளையும் அப்படிப் போனதுதான். நோட்டரி கதை வந்ததும் சிரிக்கத் தொடங்கிப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். முற்றத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவன் செத்த பொறவு யாரு கட்டுனா?" என்று கேட்டார்.

"அவன் பொண்டாட்டி அம்மாச்சி. இந்தம்மா சாகிற வரைக்கும் மாசா மாசம் அவங்கதான் கட்டுனாங்களாம்."

"எம்புட்டு நாளு?"

"ஒன்றரை வருசத்துக்கு மேல."

சிரிப்பு நின்றுவிட்டது. வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவளுக்கு எத்தன வயசு தாயி அப்ப?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் படித்ததில் எதிலும் அது இல்லை.